ஜெரால்டு எழுதின பத்தொன்பது மெயில்

நீங்க டைப் பண்ற வேகத்துக்கு நான் மெதுவாவே சொல்றேன் மேடம். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. ஒரு வார்த்த விட்டுப்போச்சின்னா நிறுத்திக் கேளுங்க. நானும் டைப்பிங் ஆளுதான். சிதம்பரம் தெற்கு வீதியில பதிமூணு வருஷமா கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்கேன். பட்டா, பாஸ்போர்ட்டு, காலேஜ் அட்மிஷன், எல்லாத்துக்கும் ஆன்லைன்ல அப்ளிகேஷன் போட்டுக் குடுப்பேன். பேரு கார்த்திகேசன். வயசு முப்பத்தாறு. கல்யாணம் ஆவல.

சுஹைபுக்கு ஊரு பரங்கிப்பேட்டை. காலேஜ்ல ரெண்டு பேருக்கும் ஒரே பெஞ்சு. படம் வரைவான். சும்மா சொல்லக்கூடாது, அவன் ஒரு நண்டு வரைஞ்சான்னா அந்தப் பேப்பர் மேல கை வைக்க யோசிப்பீங்க. எங்க ரெண்டு பேரையும் சேத்து வச்சது ஒரு ஆட்டம். நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. செல்போன் கேம் இல்ல. மேஜையச் சுத்தி உக்காந்து ஆளுக்கு ஒரு வேஷம் எடுத்துக்கணும். ஒருத்தன் திருடன், ஒருத்தன் மந்திரவாதி, அப்படி. ஒருத்தன் மட்டும் கத சொல்லுவான். சண்ட வந்தா பகடைய உருட்டி யாருக்கு அடின்னு பாக்கணும். அமெரிக்காவுல ஒரு கம்பெனி இதுக்கு ரூல் புக்கு போடுது. ஞாயித்துக்கிழம மத்தியானமானா சென்டர் ஷட்டரப் பாதி எறக்கிட்டு ஆடுவோம். ஆரம்பத்துல ஆறு பேரு. வேல, கல்யாணம்னு ஒவ்வொருத்தனா கழண்டுக்கிட்டான். கடைசியா மிச்சமிருந்த செம்பியனும் ஓசூர் போனதுக்கப்புறம் நாங்க ரெண்டு பேருதான். கத சொல்றது நான், ஆடுறது அவன்.

அந்த ஆட்டத்துக்குன்னே சுஹைப் சொந்தமா ஒரு புக்கு எழுதினான். பிச்சாவரம் காட்டுக்குள்ள முழுகிப்போன ஒரு துறைமுகம், அதுக்குள்ள மாட்டிக்கிட்ட ஆளுங்க. அறுபத்திநாலு படம், எல்லாம் கையால. பெங்களூர்ல ஒரு பப்ளிஷர் பாத்துட்டு, புக்கும் போடறோம், இங்கயே வந்துடுங்க, ஆர்ட்டிஸ்ட் வேலயும் தர்றோம்னாங்க. ஒரே ஒரு கண்டிஷன். அப்பத்தான் அந்த அமெரிக்கக் கம்பெனி ரூல் புக்குக்குப் புது எடிஷன் விட்டிருந்தது. புது ரூல வச்சி வெளியாளு புக்கு போடணும்னா கம்பெனிகிட்ட லைசென்ஸ் வாங்கணும். அத வாங்கிக்கிட்டு வாங்கன்னாங்க.

லைசென்ஸ் அடுத்த மாசம்னு கம்பெனி சொல்லுச்சி. அடுத்த மாசம் வந்ததும், அதுக்கு அடுத்த மாசம்னுச்சி. இப்படியே எட்டு மாசம். சுஹைப் கொதிச்சிப் போயிட்டான். "என்ன மச்சான், மனுஷனக் கிறுக்காக்குறானுங்க? ஒரு ஃபாரம் ரெடி பண்ண எட்டு மாசமா?"ன்னு கத்துவான். அவனுக்கு இங்கிலீஷ் கொஞ்சம் ஒதறும், அதனால கம்பெனிக்கு, பப்ளிஷருக்கு, மெயில் எல்லாம் என் சென்டர் ஐடியிலதான். தெனமும் சாயங்காலம் பஸ்ஸேறி வந்து "வந்துச்சா?"ம்பான். இல்லன்னதும் ரெண்டு பேரும் சேந்து கம்பெனியத் திட்டுவோம். பரோட்டா சாப்புடுவோம். ஏழு மணி பஸ்ஸுக்குப் போயிடுவான். அந்த எட்டு மாசம் கம்பெனியோட தாமதம் மேடம். அதுக்கு நான் பொறுப்பில்ல. அத தனியா எழுதிக்குங்க.

2022 ஜூலை பதினாலு, வியாழக்கிழம காலையில லைசென்ஸ் வந்துடுச்சி. கேட்ட எல்லாருக்கும் குடுத்திருந்தாங்க. அறுபது நாளுக்குள்ள கையெழுத்துப் போட்டு அனுப்பணும், அவ்ளோதான். எனக்கு சந்தோஷமாத்தான் இருந்துச்சி. அவனுக்குச் சொல்லலாம்னு செல்போன எடுத்தேன். அப்ப ஒரு அம்மா ஆதார்ல பேரு திருத்த வந்தாங்க. அத முடிச்சேன். அப்புறம் போன் போடல.

யோசிச்சிப் பாருங்க. லைசென்ஸ் வந்துடுச்சின்னு சொன்னா பெங்களூர் போயிடுவான். கெடைக்காதுன்னு சொன்னா, அவங்க மாமா ஓமன்ல, சலாலாவுல ஒரு கடையில வேல ரெடியா வச்சிருக்காரு, அங்க போயிடுவான். வரும்னு இருந்தாத்தான் இங்க இருப்பான். அன்னிக்கி சாயங்காலமும் வந்து "வந்துச்சா?"ன்னான். "வரும்"னேன். அறுபதாவது நாளும் அப்படியே போச்சி.

இந்த ஆட்டத்துல கத சொல்றவன் முன்னால ஒரு அட்ட மறைப்பு நிக்கும். அதுக்குப் பின்னாலதான் நான் பகடைய உருட்டுவேன். என்ன விழுந்துச்சின்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். சாவுற எண்ணு விழுந்தாலும் சில நேரம் ஆளு பொழச்சிட்டான்னு சொல்லிடுவேன். இது நான் மட்டும் பண்றதில்ல, கத சொல்றவங்க நெறைய பேரு பண்றதுதான். செத்துட்டான்னா எழுந்து வூட்டுக்குப் போயிடுவான் இல்லியா. ஆட்டம் நிக்காமப் பாத்துக்கறதுதான் என் வேல. அததான் பண்ணேன்.

கம்பெனி பேர்ல ஒரு எழுத்த மாத்தி ஒரு மெயில் ஐடி ஆரம்பிச்சேன். லைசென்ஸ் ஆபீசருக்கு ஜெரால்டுன்னு பேரு வச்சேன். மொத்தம் பத்தொன்பது மெயில். தப்பான வார்த்த ஒண்ணு இருக்காது, எடுத்துப் பாருங்க. பரிசீலனையில இருக்கு, பொறுமைக்கு நன்றி, அவ்ளோதான். நான் படிச்சிச் சொல்லுவேன். சுஹைபுக்கு ஜெரால்டு மேல கோவமும் உண்டு, ஒரு மாதிரி பாசமும் உண்டு. "இவனுக்குப் பொண்டாட்டி புள்ள இருக்குமா மச்சான்? வூட்டுல வாங்கிக் கட்டிக்கிட்டு வந்து நம்மகிட்ட காட்டுறானா?"ம்பான். நானும் சிரிப்பேன். கிறிஸ்துமஸுக்கு ஜெரால்டுக்குன்னு தனியா ஒரு நண்டு வரைஞ்சி அனுப்பினான். ஜெரால்டு நன்றி சொல்லி எழுதினான்.

மங்கலம்பேட்டை ரூமானாவுக்கும் அவனுக்கும் பேசி முடிச்சிருந்தது. லைசென்ஸ் வந்ததும் நிக்காஹ்னு இருந்தாங்க. அந்தப் பொண்ணு பி.காம். ஒருநா எனக்கே போன் பண்ணுச்சி. "அண்ணே, அந்த மெயிலெல்லாம் எனக்கு ஒருதடவ அனுப்புங்களேன். நானும் எழுதிப் பாக்கறேன்." புத்திசாலிப் பொண்ணு. அனுப்பறேம்மான்னு சொன்னேன். மறுநாள் அவங்க அத்தா கடைக்குப் போனேன். "பாய், பையன் தங்கம். ஆனா இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஆவும். உறுதியா ஒண்ணும் சொல்றதுக்கில்ல"ன்னேன். அதுல ஒரு வார்த்த பொய் கெடையாது. ஆறே வாரத்துல பொண்ணுக்கு வேற எடம் முடிச்சிட்டாங்க. சுஹைப் என் தோள்ல சாஞ்சி அழுதான். "நீயாவது இருக்கியே மச்சான்"னான். எனக்கு ஒண்ணும் தோணல. சட்ட ஈரமாச்சி.

2023 கடைசியில அவனுக்கு வெறுத்துப்போச்சி. "போதும் மச்சான். சலாலாவுக்கே போறேன். டிக்கெட் போட்டுக் குடு"ன்னான். டிக்கெட் போடறதும் நாந்தான. சும்மா காத்திருன்னா எவனும் இருக்கமாட்டான். கையில வேல இருந்தா இருப்பான். அதனால பன்னெண்டாவது மெயில்ல ஜெரால்டு, புக்கு ரொம்பப் புடிச்சிருக்கு, புது எடிஷன் அளவுக்குப் படத்தயெல்லாம் திரும்ப வரைஞ்சி அனுப்பினா ஒடனே லைசென்ஸ்னு எழுதினான். சுஹைப் அத மூணு தடவ படிக்கச் சொல்லிக் கேட்டான். அறுபத்திநாலையும் வரைஞ்சான். அஞ்சு மாசம் ஆச்சி. கோடு இன்னும் மெல்லிசா இருந்தா நல்லாயிருக்கும்னு ஜெரால்டு எழுதினான். திரும்ப மொதல்லேருந்து ஆரம்பிச்சான்.

அதுல பாதியில, வலது கை மரத்துப்போவுதுன்னான். டாக்டர்கிட்ட நாந்தான் கூட்டிக்கிட்டுப் போனேன். மணிக்கட்டுல நரம்பு அழுந்துது, வரையறத ஒடனே நிறுத்தணும், இல்லன்னா கை போயிடும்னாரு. தெளிவாத்தான் சொன்னாரு, நானும் கேட்டேன். ஜெரால்டுக்கு எழுதி டைம் கேக்கலாம் மச்சான்னு நாந்தான் சொன்னேன். கேட்டோம். பதில் எழுத ரெண்டு நாள் யோசிச்சேன். வரையறத நிறுத்தினான்னா அடுத்தது சலாலா. அதான் பதினேழாவது மெயில். மாசக் கடைசிக்குள்ள வரலன்னா அப்ளிகேஷன் ரத்து.

மிச்சம் முப்பத்தோரு படம். மணிக்கட்டுல துணியச் சுத்திக்கிட்டு வரைஞ்சான். வலியில பல்லக் கடிச்சிக்குவான், சத்தம் போடமாட்டான். நான் பக்கத்துலயே உக்காந்து பென்சில் சீவிக் குடுத்தேன், தப்புக்கோட அழிச்சேன், காப்பி வாங்கியாந்தேன். முடியலன்னா நாளைக்கி ரெண்டு படம் போதும்டான்னு சொன்னேன். உண்மையச் சொல்லணும்னா, அந்த ஒரு மாசம் மாதிரி நாங்க எப்பவுமே ஒட்டிக்கிட்டு இருந்ததில்ல.

இப்ப அந்தக் கையில பென்சில் நிக்காது. கட்டவெரலுக்குக் கீழ சதை வத்திடுச்சி. ஆபரேஷன் பண்ணாலும் பழைய கை வராதுன்னுட்டாங்க. சட்ட பட்டன் நாந்தான் போட்டுவிடறேன். பெங்களூர்ல வரைய முடியாது, சலாலாக் கடையில பெட்டி தூக்க முடியாது. அதுக்கப்புறம் ஜெரால்டு ரெண்டே ரெண்டு மெயில்தான் எழுதினான். படம் வந்து சேந்துச்சி, பரிசீலனையில இருக்குன்னு, அதுவும் மரியாதைக்கு.

போன மாசம் கொச்சியில ஒரு பையன், இதே எடிஷனுக்குப் புக்கு போட்டு, லைசென்ஸ் முத்திரையோட வீடியோ விட்டிருந்தான். சுஹைப் பாத்துட்டான். "நம்மள மட்டும் ஏமாத்திட்டான் மச்சான் அந்த ஜெரால்டு. நம்ம படத்தயெல்லாம் வாங்கி வச்சிக்கிட்டான். கடலூர் சைபர் க்ரைம்ல குடுப்போம்"னு நின்னான். வேணாம்னா சந்தேகப்படுவான். நானே டைப் பண்ணிக் குடுத்தேன். உங்க கையில இருக்கற கம்ப்ளெய்ன்ட்டு நான் எழுதினதுதான். நீங்களும் ரெண்டு வருஷம் இழுப்பீங்கன்னு நெனச்சேன். பதினோரு நாள்ல, அந்த மெயிலெல்லாம் போனது என் சென்டர் கனெக்‌ஷன்னு கண்டுபுடிச்சிட்டீங்க. தப்பா எடுத்துக்காதீங்க, பாராட்டாத்தான் சொல்றேன்.

படிச்சிப் பாத்துட்டேன் மேடம், சரியா இருக்கு. லைசென்ஸ மறைச்சது நான். பத்தொன்பது மெயிலும் எழுதினது நான். கை போயிடும்னு தெரிஞ்சே வரைய வச்சது நான். எங்க கையெழுத்துப் போடணும்?

ஒரே ஒரு விஷயம். சுஹைப் வெளிய பெஞ்சில உக்காந்திருக்கான். என்னைச் சாட்சிக்குத்தான் கூப்புட்டீங்கன்னு நெனச்சி, தொணைக்கு வந்தான். சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கி வச்சிருப்பான். நான் வந்து நூல அவுத்தாத்தான் சாப்புடுவான். இதயெல்லாம் இன்னிக்கே அவன்கிட்ட சொல்லித்தான் ஆவணுமா மேடம்? எனக்காகக் கேக்கல, அவனுக்காகத்தான் கேக்கறேன். தாங்கமாட்டான். எத்தன வருஷம் போட்டாலும் இருந்துட்டு வந்துடறேன். அதுவரைக்கும், கேஸு விசாரணையில இருக்கு, சீக்கிரம் தெரியவரும்னு மட்டும் சொல்லி வைங்க. நம்புவான். எங்கயும் போவமாட்டான்.