கல்லின் மேல் இரண்டு கொப்புகள்

எனக்கு மாடுகள் என்றால் உயிர். ஊரில் விசாரித்துப் பாருங்கள், பஞ்சநதம் ஒரு மாட்டைக் கைநீட்டி அடித்தான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

சம்பா நடவு முடிந்ததும் எங்கள் பக்கத்தில் மாடுகளைக் கோடியக்கரைக் காட்டில் மேயவிடுவோம். அறுப்பு முடிந்ததும் போய் ஓட்டி வருவோம். காட்டுப்பாதை தொடங்கும் இடத்தில், சவுக்குத் தோப்பின் ஓரமாக ஒரு கல் கிடக்கிறது. உள்ளே போகிறவர் ஆளுக்கொரு பச்சைக் கொப்பை ஒடித்து அதன்மேல் வைக்க வேண்டும். திரும்பும்போது அவரவர் கொப்பை எடுத்து எறிந்துவிட வேண்டும். பொழுது சாய்ந்தும் கொப்பு கிடந்தால் ஊரே தேடக் கிளம்பும். நல்ல வழக்கம்.

இந்தத் தை மாதம் வீரையனை அழைத்துப் போனேன். இருபது வருஷமாக என் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவன். குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்யலாம் என்று புது ஆட்சி சட்டம் போட்டதும், இவனும் தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்துவிட்டான். மறுவாரம் விசாரணை. பதிவாகிவிட்டால் அவனை நிலத்தை விட்டு இறக்க முடியாது. எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன். ஆனாலும் போகிற வழியில் டீ வாங்கிக் கொடுத்தேன்.

காட்டுக்குள் புதர் மூடிய பாழுங்கிணறு ஒன்று இருந்தது. அவனாகத்தான் விழுந்தான். கால் முறிந்துவிட்டது.

"ஐயா, கயிறும் ஆளும் கொண்டாங்க."

"மனுவைத் திருப்பி வாங்கிக்கிறியாடா?"

"வாங்கிக்கிறேங்க. என் பொண்டாட்டி காத்தாயி மேல சத்தியமா வாங்கிக்கிறேங்க."

"சரி, இரு. ஆளோட வர்றேன்."

அப்படி நினைத்துத்தான் மாடுகளை ஓட்டிக்கொண்டு நடந்தேன். கல்லருகே வந்து என் கொப்பை எடுத்தேன். அவனுடையதையும் எடுத்தேன். மாடுகள் களைத்திருந்தன, வீட்டுக்கு ஓட்டி வந்து தண்ணீர் காட்டினேன்.

மறுநாள் காத்தாயி வந்து அழுதாள். பாவமாக இருந்தது. என் வண்டியிலேயே அவளை அந்தக் கல்லுக்கு அழைத்துப் போனேன்.

"பாத்தியா, அவன் கொப்பு இல்லை. எனக்கு முன்னாடியே வெளியே வந்துட்டான். எங்கே போய்த் தொலைஞ்சானோ."

அவள் காட்டைப் பார்த்து ஒரு குரல்கூடக் கொடுக்கவில்லை. வழக்கத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

நாலு நாள் உயிரோடு இருந்திருப்பான் என்று, பிணத்தை அறுத்துப் பார்த்த உங்கள் போலீஸ் டாக்டர் சொல்கிறார். சரியாகத்தான் சொல்கிறார். மூன்றாம் நாள் நான் போய் எட்டிப் பார்த்தேன். "ஐயா, வந்துட்டீங்களா" என்றான். வந்த வழியே திரும்பிவிட்டேன்.

நீங்களே யோசியுங்கள். மேலே ஏறியிருந்தால் நேராகத் தாலுகா ஆபீசில்தான் போய் நின்றிருப்பான். பெண்டாட்டி மேல் செய்த சத்தியம் பொய்யாகியிருக்கும். அந்தப் பாவம் அவனுக்குச் சேராமல் பார்த்துக்கொண்டேன்.