நண்டுக்கு ஒட்டுன கை

இருங்க... சோடாவை அப்புறம் குடிச்சுக்கிறேன். ஒரு நண்டு சங்கதி இருக்கு, அதைச் சொல்லிடறேன். சின்னதுதான். சாப்பாட்டுக்கு நேரமாயிடாது, பயப்படாதீங்க.

கடலோரத்துல ஒரு ஆராய்ச்சி நிலையம். எந்த ஊருன்னு கேக்காதீங்க. எந்த ஊரா இருந்தா என்ன, எல்லா ஊர்லயும் இதே கூத்துதான். அங்க பிரிசில்லான்னு ஒரு பொண்ணு. டாக்டர் பட்டத்துக்காக ஆழ்கடல் நண்டுகளை ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தா. ஆழ்கடல்னா நாம கால் நனைக்கிற கடல் இல்லீங்க... வெயிலே எட்டிப் பாக்காத ஆழம். அங்கேருந்து ஒரு விசைப்படகு வலையில ஒரு நண்டு வந்துச்சு. செக்கச் செவேல்னு. முதுகெல்லாம் முள்ளு. கண்ணு இருக்க வேண்டிய இடத்துல வெறும் புள்ளி. புத்தகம் புத்தகமாத் தேடிப் பார்த்தா. எதுலயும் இல்ல. உலகத்துலயே யாரும் பேர் வைக்காத நண்டு... அவ கையில! அவ பட்டம், அதுக்கப்புறம் கிடைக்கப் போற வேலை, எல்லாம் அந்த ஒத்தை நண்டை நம்பித்தான்.

ஆனா ஒரு குறை. வலையில இழுபட்டப்போ வலது கையை உதறிட்டு வந்திருந்துச்சு. நண்டோட வழக்கம் அது. புடிச்சா கையைக் கழட்டிக் குடுத்துட்டு ஓடும். ஆராய்ச்சிக்காரங்களுக்கும் ஒரு வழக்கம் உண்டு. இல்லாததை இல்லைன்னு எழுதிடணும். 'வலது கை இல்லை.' அவ்வளவுதான். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.

எழுதினாளா? எங்க எழுத விட்டாங்க...

நிலையத்தோட தலைவர் டாக்டர் நடனசபாபதி. மகா மேதை. எதுல மேதைன்னு அப்புறம் புரியும். புது உயிருக்குப் பேர் வைக்கிறப்போ, கண்டுபிடிச்சவங்க தன் பேரைத் தானே வச்சுக்கிட்டா அந்த உலகத்துல சிரிப்பாங்க. அடுத்தவங்க பேரை வைக்கலாம். நம்மாளுக்கு அது போதாதா? டெல்லியில இருக்குற பெரிய அதிகாரி பேரை லத்தீன்ல நீட்டி நண்டுக்கு வச்சுட்டாரு. அதிகாரியைக் கூப்பிட்டு ஒரு விழா. பந்தல் என்ன, நாதஸ்வரம் என்ன... ஒரு நண்டுக்குங்க! ஸ்பிரிட்ல ஊறிக்கிட்டிருந்ததைத் தூக்கித் துடைச்சு, கண்ணாடிப் பெட்டியில உக்கார வச்சாச்சு. அப்பதான் மேதைக்குக் கண்ணுல பட்டுது, ஒரு கை இல்ல.

"ஏம்மா... அய்யா பேரை வச்சிருக்குற நண்டு. ஒத்தைக் கையோட நின்னா நல்லாவா இருக்கு?"

கேன்டீன்ல அன்னிக்கு நண்டுக் குழம்பு. குழம்புக்கு வந்திருந்த நீலக்கால் நண்டுல ஒரு கையை ஒடிச்சு, பசை போட்டு ஒட்டிட்டாங்க. நீலக் கை, சிவப்பு உடம்பு... பொருந்தணுமே? நகப்பாலிஷ் பூசினாங்க. யாரோட பாலிஷ்? பிரிசில்லாவோடது. அவ கைப்பையிலேருந்து அவளே எடுத்துக் குடுத்தா. விழா முடிஞ்சதும் பிச்சிடலாம்மான்னு மேதை சொன்னாராம். சரிங்க சார்னு சொல்லிட்டா.

பிச்சாங்களா? அதிகாரி திரையை விலக்கினாரு, போட்டோ புடிச்சாங்க, பேப்பர்ல வந்துருச்சு. மறுநாள் மேதை என்ன சொல்றாரு? அய்யா ரெண்டு கையோட பார்த்துட்டாரு, இப்பப் போயி ஒத்தைக் கைன்னு எழுதினா அய்யாவைப் பொய்யாக்கினது மாதிரி ஆயிடும்... அதனால கட்டுரையிலயும் ரெண்டு கைன்னே எழுதுன்னாரு. எழுதினா. குழம்பு நண்டோட கையை அளந்து, வர்ணிச்சு, படம் வரைஞ்சு எழுதினா!

அச்சுல வர்றதுக்கு முன்னாடி சரிபார்க்கறதுக்காகக் கட்டுரை ஜப்பான்ல ஒரு பெரியவர்கிட்டப் போச்சு. ஆயுசு பூரா நண்டையே பார்த்தவரு. அவர்கிட்டேருந்து பதில் வந்துச்சு. "உடம்பை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை. கையைப் பார்த்திருக்கிறேன். என் சாப்பாட்டுத் தட்டில்."

சிரிக்கிறீங்க. சிரிங்க, சிரிங்க.

பிரிசில்லா பதறிப்போயி உண்மையை எழுதினா. கை ஒட்டினதுதான், ஆனா உடம்பு சத்தியமா நிஜம்னு. அவர் கேட்டாரு, "கை பொய் என்று நீங்களே சொல்கிறீர்கள். உடம்பு மட்டும் நிஜம் என்று நான் எதை வைத்து நம்புவது?" நியாயமான கேள்விதானே? காட்டறதுக்காகப் பசையைப் பிச்சா. மூட்டோட பேத்துக்கிட்டு வந்துருச்சு. சாட்சிக்கு இருந்த ஒத்தை நண்டும் உருக்குலைஞ்சு போச்சு. அந்த மாதிரி இன்னொரு நண்டு எந்த வலையிலயும் வரல. நண்டுக்குப் பேரும் இல்ல, பொண்ணுக்குப் பட்டமும் இல்ல. மேதைக்கு என்ன? பதவி உயர்வு வாங்கிட்டுப் போயிட்டாரு. அவரை விடுங்க, அந்த ஜென்மங்க திருந்தாது. எனக்குக் கோவம் பிரிசில்லா மேலதான். எல்லாம் தெரிஞ்ச பொண்ணு, படிச்ச பொண்ணு... பாலிஷை எடுத்துக் குடுத்தாளே!

அவளை எதுக்கு நான் திட்டணும்? என் எதிர்ல நீங்க உக்காந்திருக்கீங்களே.

போன வாரம் நம்ம பள்ளிக்கூடத்துல ஆய்வுக்கூடம் திறந்தாங்க. மைக்ராஸ்கோப்பு, பளபளன்னு கண்ணாடிக் குடுவை... எல்லாம் பக்கத்து ஊர்லேருந்து ஒரு நாள் இரவல். சாயங்காலம் வேன் வந்து அள்ளிக்கிட்டுப் போச்சு. பார்த்தீங்களா இல்லையா? வாசல்ல நின்னு பார்த்தீங்க. வேனுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்னீங்க! ஒருத்தர்... ஒரே ஒருத்தர், எங்கய்யா கொண்டு போறீங்கன்னு கேட்டீங்களா? அவங்க இல்லாததை ஒட்டினாங்க. நீங்க அதுக்குப் பாலிஷ் பூசிட்டு வந்து இங்க உக்காந்திருக்கீங்க.

உங்க பிள்ளைங்க இந்த வருஷம் செய்முறைத் தேர்வு எழுதப் போறாங்க. மைக்ராஸ்கோப்புல எந்தப் பக்கம் கண்ணை வைக்கணும்னு அதுகளுக்குத் தெரியாது. அங்க வர்ற பரீட்சை அதிகாரி உங்க மூஞ்சியைப் பாக்க மாட்டாரு... உங்க பிள்ளை மூஞ்சியைத்தான் பாப்பாரு.

அப்ப சிரிக்க முடியுமான்னு இப்பவே யோசிச்சுக்குங்க.