அந்தப் பத்தி தேவையில்லை

எங்கள் அறையில் சிவப்பு மசிப் பேனா கிடையாது. விசாரணைக் குழுவின் தலைவர் நீங்கள், ராஜசேகர் ஸார். கல்லூரி நூலகத்துக்குள் இருக்கும் எங்கள் எழுத்துதவி மையத்தின் விதிமுறைத் தாளைப் பார்த்திருப்பீர்கள். பேனா மாணவர் கையில்தான் இருக்க வேண்டும். உதவியாளர் எழுதக் கூடாது, திருத்தக் கூடாது, வரிகளை அடிக்கக் கூடாது. கேள்வி மட்டும் கேட்கலாம். ஏழு வருடங்களாக அந்த அறையில் உட்கார்ந்து கேள்வி கேட்டு வருகிறேன். நன்றாகக் கேட்பேன் என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

பெனிட்டா ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தாள். எங்கள் தீவிலிருந்து கடல் கடந்து மெயின்லேண்டில் கடல் உயிரியல் மேற்படிப்புக்கு விண்ணப்பம். தன்னை உருவாக்கிய ஒரு நிகழ்ச்சியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதச் சொல்லியிருந்தார்கள். எங்கள் பதிவேட்டில் தகப்பன் பெயர் கஸ்பார், இருப்பிடம் ஜங்லிகாட் என்று எழுதினாள். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டேன். "டிங்கி வச்சிருக்காரு மிஸ்" என்றாள். மீன்பிடிக்கிற சின்னப் படகு.

சாதாரணமாக ஒரு மாணவருக்கு இரண்டு சந்திப்புகள்தான் தருவோம். அவளுக்குச் செவ்வாய்தோறும் பதினோரு மணியை ஒதுக்கினேன்.

ஒன்பது வருடங்களுக்கு முன் என் தம்பி குமரன் கஸ்பாரின் டிங்கியில்தான் போனான். பாராடாங் தீவுப் பக்கம் தூண்டில் போடும்போது தவறி விழுந்துவிட்டான் என்று கஸ்பார் போலீஸில் எழுதிக் கொடுத்தார். உடல் கிடைக்கவில்லை. டெய்ரி ஃபார்ம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் இன்னும் திதி கொடுக்கவில்லை, அம்மா சம்மதிக்கவில்லை. இதையெல்லாம் நான் பெனிட்டாவிடம் சொல்லவில்லை. மாணவர்களிடம் சொந்த விஷயம் பேசக் கூடாது என்பதும் விதிமுறைத் தாளில் இருக்கிறது.

அவளுடைய முதல் பிரதி பவளப்பாறைகளின் அழகைப் பற்றி இருந்தது. முதலில் தமிழில் எழுதச் சொல்வேன். ஆங்கிலம் பிறகு வரும். வாசித்து முடித்துவிட்டு, "இத டூரிஸ்ட் யாரு வேணாலும் எழுதலாமே. உனக்கு மட்டும் தெரிஞ்சது என்ன?" என்று கேட்டேன். இது நான் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.

அடுத்த வாரம் அவள் ஒரு வரி கொண்டுவந்தாள். 'என் அப்பாவுக்கு இடது காது கேட்காது.'

"எப்பலேர்ந்து?"

"நான் ஆறாவது படிக்கும்போதுலேர்ந்து மிஸ்."

"ஏன்?"

"தெரியாது. கேட்டா, 'வயசாச்சு, பஸ், அவ்ளோதான்'ன்னு சொல்லிருவாரு. அப்ப அவருக்கு நாப்பது வயசுகூட இல்ல." அவளே சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தாள்.

"கேட்டுப் பாரேன்" என்றேன்.

கஸ்பார் சொல்வதற்கு இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார். ஆகஸ்டில் அவள் நான்கு பக்கம் எழுதி வந்தாள். அன்று தூண்டில் போடப் போகவில்லை. பழங்குடிகளுக்கென்று ஒதுக்கப்பட்ட, யாரும் போகக் கூடாத கடலில் கடல் அட்டை எடுக்கப் போயிருக்கிறார்கள். கம்ப்ரசரிலிருந்து காற்றுக் குழாயை வாயில் கடித்துக்கொண்டு ஒரு பையன் கீழே இறங்கியிருந்தான். அப்போது ரோந்துப் படகு வருவது தெரிந்தது. குழாயை இழுத்துச் சுற்ற நேரமில்லை. அப்பா அறுத்துவிட்டார். அப்படித்தான் எழுதியிருந்தாள்.

நான் கேள்விகள் கேட்டேன். எந்தத் தீவு? கரையிலிருந்து எவ்வளவு தூரம்? எத்தனை பாகம் ஆழம்? எதால் அறுத்தார்? அறுத்த பிறகு குழாயின் முனை தண்ணீரில் எப்படி இருந்தது? திட்டவட்டமாக எழுதினால்தான் வாசிப்பவர் நம்புவார் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். அவள் ஒவ்வொன்றையும் வீட்டில் கேட்டுவந்து எழுதினாள். எட்டுப் பாகம், கிட்டத்தட்ட ஐம்பது அடி. மீன் அறுக்கிற கத்தி. குழாய் கொஞ்ச நேரம் குமிழி விட்டுக்கொண்டே இருந்தது.

"மிஸ், போலீஸ்காரங்ககூட இவ்ளோ கேக்க மாட்டாங்க" என்றாள் ஒருநாள்.

"அவங்களுக்கு நல்ல கட்டுரை வேண்டாம்ல" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அவளை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். டப்பாவில் அவள் அம்மா செய்த மீன் ஊறுகாய் கொண்டுவருவாள். பதிவேட்டின் ஓரத்தில் அவளைப் பற்றி 'முன்னேற்றம் உண்டு' என்று எழுதுவேன். அது உண்மை.

பையனின் பெயர் என்ன என்று நான் கேட்கவில்லை. அதை அவளே கேட்டு வந்தாள். குமரன் என்று எழுதியிருந்தாள். எழுத்து தெளிவாக இருந்தது. நான் தலையசைத்து, பெயர் வந்த பிறகு பத்திக்கு உயிர் வந்திருக்கிறது என்று சொன்னேன்.

நீங்கள் கேட்பது ஐந்தாவது பிரதியைப் பற்றி. அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு பத்தி நீல மசியில் அடிக்கப்பட்டிருக்கிறது. பெனிட்டா கறுப்பு மசியில் எழுதுகிறவள். அதற்கு வருகிறேன்.

அந்தப் பிரதியை அவள் எனக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். எல்லாம் சரியாக இருந்தது. முடிவு மட்டும் நீளம். அந்தப் பத்தி தேவையில்லை என்றேன். அதில்லாமல் படித்தால் கத்தி, குமிழி, அதோடு நிற்கும், வலுவாக இருக்கும் என்று விளக்கினேன். அவள் தயங்கினாள். "அதத்தான் மிஸ் அப்பா ரெண்டு தடவ சொன்னாரு" என்றாள். யோசித்து முடிவெடு, கட்டுரை உன்னுடையது என்றேன். ஆனால் அதைச் சொல்லும்போதே அவள் முன்னாலிருந்த தாளை என் பக்கம் திருப்பிவிட்டிருந்தேன். என் கைப்பையில் வங்கிக்கு எடுத்துப் போகிற பேனா ஒன்று உண்டு.

கடைசியாக, யாரைப் பற்றி எழுதினாயோ அவரிடம் உரக்கப் படித்துக் காட்டு என்றேன். இதுவும் நான் எல்லோருக்கும் சொல்வது. அம்மாவைப் பற்றி எழுதிய பிள்ளைகள் வீட்டில் படித்துவிட்டு, அம்மா அழுதார்கள் என்று வந்து சொல்வார்கள். பெரும்பாலும் நல்ல அழுகை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அவள் படித்திருக்கிறாள். கஸ்பார் நல்ல காதை மகள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டாராம். முடிந்ததும், "திரும்பிப் போனத எழுதலியாம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

"அது தேவையில்லன்னு மிஸ் சொன்னாங்கப்பா."

"எந்த மிஸ்?"

"பவானி மிஸ். டெய்ரி ஃபார்ம்லேர்ந்து வருவாங்கள்ல."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனாராம்.

மறுநாள் காலை பத்தரைக்கு எங்கள் அறை வாசலில் நின்றார். செருப்பை வெளியே விட்டிருந்தார். அந்த அறைக்கு யாரும் செருப்பைக் கழற்றிவிட்டு வருவதில்லை.

"நீங்க குமரனோட அக்காவாம்மா?"

ஆமாம் என்றேன்.

"நான் பண்ணது தப்பு. அதுக்கு என்ன வேணாலும் பண்ணுங்க. போலீஸுக்குச் சொல்லணும்னா நானே கூட வர்றேன். ஆனா ஒண்ணு விட்டுப்போச்சு. நான் திரும்பிப் போனேன்மா. அத நீங்க கேக்கணும்."

"இது ஸ்டூடண்ட்ஸ் டைம். ரெஜிஸ்டர்ல பேர் எழுதிட்டுத்தான் வரணும்" என்றேன்.

நான் அவருடைய இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். அவர் முகத்தைத் திருப்பி, "என்னம்மா சொன்னீங்க?" என்று கேட்டார். ஆகையால் அதை இரண்டாவது முறையும் சொல்ல வேண்டியிருந்தது. குரலை உயர்த்தவில்லை. நூலகத்தில் இருந்தவர்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

"அச்சா, டீக் ஹை" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று மதியம் டிங்கியை எடுத்திருக்கிறார். கம்ப்ரசர் எடுக்கவில்லை, கூட ஆளும் இல்லை. ஒன்பதாம் நாள், கட்டுரையின் இரண்டாம் பக்கத்தில் அடையாளம் சொல்லியிருக்கிற பாறைக்குப் பக்கத்தில் டிங்கியைக் கண்டுபிடித்தார்கள். நங்கூரம் ஒழுங்காகப் போட்டிருந்தது. சட்டை மடித்து வைத்திருந்தது. அவர் இல்லை.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை பெனிட்டா பதினோரு மணிக்குச் சரியாக வந்தாள். வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஐந்தாவது பிரதியை மேசைமேல் விரித்து, விரலால் நீல மசியைத் தொட்டுக் காட்டினாள்.

"மிஸ், இத திரும்ப எங்க சேக்கணும்?"

"எங்க வந்தா நல்லாருக்கும்னு நீ நெனைக்கிறே?" என்று கேட்டேன். பழக்கம். அவள் தாளை எடுத்துக்கொண்டு நேரே உங்கள் அறைக்கு வந்தாள் என்று நினைக்கிறேன்.

நான் அவரைத் தொடவில்லை, திட்டவில்லை, புகார் கொடுக்கவில்லை. ஒரு மாணவி தன் கட்டுரையை நன்றாக எழுத உதவினேன். மற்ற விதிகளையெல்லாம் காப்பாற்றியிருக்கிறேன். பேனாவை எடுத்தது ஒன்றுதான் பிழை. இப்படி எழுதிக் கையெழுத்திட்டு முடித்துவிடலாம் என்றுதான் நேற்று உட்கார்ந்தேன்.

அடித்தாலும் அந்தப் பத்தியை வாசிக்க முடிகிறது. எனக்கு அது மனப்பாடம். 'ரோந்து போன பிறகு அப்பா மற்றவர்களைக் கரையில் இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பிப் போனார். மூன்று நாள் காற்றுக் குழாய் இல்லாமல் எட்டுப் பாகம் முங்கித் தேடினார். மூன்றாம் நாள் காதிலிருந்து ரத்தம் வந்தது. அதற்குப் பிறகும் நான்கு முறை முங்கினார். அந்தப் பையன் கிடைக்கவில்லை.'

அது தகப்பனைக் காப்பாற்ற மகள் சேர்த்த கதை என்று எண்ணி அடித்தேன் என்று சொன்னால் நீங்கள் ஏற்றுக்கொள்வீர்கள். அவள் என் மேசையில் உட்கார்ந்து அதை உரக்கப் படித்தபோது, நான் முதல் வார்த்தையிலிருந்தே நம்பினேன். பேனாவை எடுத்தது அதற்குப் பிறகுதான்.