என் அக்கா யாருடைய தேர்வை எழுதப் போகிறாள்?

மேடையின் நடுவே மாலையோடு வீற்றிருக்கும் அவைத்தலைவர் அவர்களே! மருத்துவக் கனவுக்கு மாடி மேல் மாடியாக வகுப்பறை கட்டி வைத்திருக்கும் பயிற்சி மையத்தின் இயக்குநர் ஐயா அவர்களே! பாடம் சொல்லித் தந்த ஆசிரியப் பெருமக்களே! பட்டம் வாங்கி, வேலைக்கும் போய், மறுபடியும் பையைத் தூக்கிக்கொண்டு, பட்டதாரிகளுக்கான மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படித்துக் களைத்திருக்கும் அக்காமார்களே, அண்ணன்மார்களே! பிள்ளை டாக்டராகும் முன்பே அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்துவிட்ட தாய்மார்களே, தந்தையரே! வாசலில் நின்று எல்லோருடைய கைப்பேசியையும் சிரித்த முகத்தோடு வாங்கி வைத்துக்கொண்ட அண்ணன்மார்களே! உங்கள் அனைவருக்கும் இந்தச் சின்னவளின் பணிவான வணக்கம்.

கைப்பேசியை ஏன் வாங்கினார்கள்? அடுத்த வாரம் தேர்வு. இன்றைக்கு வழியனுப்பு விழா. வாழ்த்துவதற்கும் வாழ்த்தப்படுவதற்கும் கைப்பேசி எந்த வகையில் இடைஞ்சல்? எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், எனக்குப் பழக்கம்தான். "இவளுக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம். காய்ச்சல் மாத்திரை கொடுத்தா, காய்ச்சல்தானான்னு கேப்பா" என்று அப்பாவும் சிரிப்பார்.

மூன்றாவது வரிசையில், துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் தரையைப் பார்க்கிறாளே, அவள்தான் என் அக்கா. உயிர்வேதியியல் படித்தவள். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். நான் பத்தாம் வகுப்பு. பள்ளியில் பேச்சுப் போட்டி என்றால் என்னைத்தான் அனுப்புவார்கள். அது தெரிந்து, குடும்பங்களின் சார்பில் பேச இந்த மையத்தார் என்னை அழைத்தார்கள்; உரையையும் அவர்களே எழுதித் தந்தார்கள். அதில் என் அக்கா விளக்கு, இந்த மையம் எண்ணெய். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதை நான் பேசப் போவதில்லை. அக்கா தூங்கிய பிறகு போர்வைக்குள் ஒளிந்துகொண்டு நானே எழுதியதைப் பேசப் போகிறேன். ஒலிவாங்கிக் கம்பியை நான் பிடித்திருப்பது அழகுக்காக என்று நினைத்துவிடாதீர்கள்.

என் அக்கா எப்படிப்பட்டவள் தெரியுமா? பாடத்தைப் படிப்பவள் அல்ல, பாடத்தோடு சண்டை போடுபவள்! ஒரு நாள் எங்கள் அடுக்ககத்தில் மின்தூக்கி ஓடவில்லை. படியேறி மேலே வந்து நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர் கொடுக்க வேண்டியவள் பாடம் எடுத்தாள். "இப்போ நீ வேகவேகமா மூச்சு விடுற இல்ல? மலை உச்சியில நிக்கிறவனும் இப்படித்தான் விடுவான். அப்போ அவன் ரத்தத்துல அமிலம் கூடுமா, குறையுமா?"

"தண்ணி குடு."

"சொல்லிட்டுக் குடி. மூச்சு வேகமானா கரியமிலவாயு வெளியே போயிடும்டி. அது போனா அமிலம் குறையும். எவ்வளவு அழகா இருக்கு பாரு!"

அமிலத்தில் அழகு கண்ட கண்கள் அவை! ஏன் என்று கேட்காமல் எதையும் விழுங்காத வாய் அது! அந்த அக்காவைத்தான் நாங்கள் இங்கே அனுப்பினோம். திரும்பி வருகிறவள் அதே அக்காதானா? அங்கேதான் என் சந்தேகம் தொடங்கியது.

சில வாரங்களுக்கு முன்னால் இங்கே "ஞாபகப் பயிற்சி" என்று ஒரு மாலை வகுப்பு தொடங்கினார்கள். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளி வேன் ஓட்டுகிறவர் அவர். வேனில் ஏறுகிற பிள்ளைகளிடமெல்லாம் சொன்னார்: "ஞாபகசக்திக்கே தனி வகுப்பு வைக்கிறாங்க. பெரிய இடம்னா பெரிய இடம்தான்."

ஞாபகம் நல்லதுதான். ஆனால் எதை ஞாபகம் வைக்கப் பயிற்சி? அதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஒரு நாள் அக்கா என்னை எதிரே உட்கார வைத்தாள். புத்தகத்தில் ஒரு கேள்வியைப் பார்த்தாள். மூடினாள். என் கையில் கொடுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் கேள்வியை ஒப்பித்தாள். நீளமான கேள்வி. அதன் கீழே இருந்த நான்கு விடைகளையும் வரிசை மாறாமல் ஒப்பித்தாள். எனக்கு மெய்சிலிர்த்தது.

"எல்லாம் அப்படியே சொல்லிட்ட அக்கா! சரி, இதுல எது சரியான விடை?"

கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "அது எனக்குத் தேவையில்லடி. ஒரு வார்த்தை கூட விட்டுப்போகலையான்னு மட்டும் பாரு."

அவையோரே! விடை தேவையில்லையாம்! தேர்வுக்குப் படிக்கிறவளுக்கு விடை தேவையில்லையாம்! ஒப்புவித்தல் போட்டிக்கா போகப் போகிறாள்? தட்டச்சுத் தேர்வா எழுதப் போகிறாள்? நோயாளியின் நாடியைப் பிடிக்கப் போகிறவள், கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டு விடையை ஏன் விட்டாள்? யாருக்காக விட்டாள்?

பின்வரிசையில் ஒரு அம்மா தலையாட்டுகிறீர்கள். உங்கள் வீட்டிலும் இப்படித்தானா? சொல்ல வேண்டாம். தலையாட்டியதே போதும்.

அடுத்து நான் பார்த்தது இந்த மையத்தின் எதிரே இருக்கும் தேநீர்க்கடையில். அக்கா குடையை மறந்துவிட்டாள் என்று கொடுக்கப் போனேன். அவளும் தோழிகளும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி, பெரிய கண்ணாடி போட்டிருப்பவள், நான் கண்ணாடி அக்கா என்று கூப்பிடுகிறவள், கேட்டாள்: "உனக்கு எந்தப் பகுதி குடுத்திருக்காங்க?"

"நடுப்பகுதி. உனக்கு?"

"கடைசி. நான் அதுவரைக்கும் வந்து சேருவேனான்னே தெரியல. இதை மனசுல ஏத்திக்கிட்டே இருந்தா, என் தேர்வை நான் எப்போ எழுதுறது?"

என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. எல்லோரும் ஒரே நேரத்தில் தேநீரை ஊதினார்கள். ஆறிப்போன தேநீரை எதற்கு ஊத வேண்டும்?

நன்றி ஐயா. அவைத்தலைவர் மணி அடித்துவிட்டார். எங்கள் பள்ளிப் போட்டியில் முதல் மணி எச்சரிக்கை மணி. இரண்டாவது மணிக்குத்தான் இறங்க வேண்டும். நான் விதி மீறாதவள் ஐயா.

அன்றைக்கு வீடு திரும்பும் வழியில், பேருந்தின் கடைசி இருக்கையில், அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். முதலில் திட்டினாள். பிறகு அழுதாள். பிறகு சொன்னாள். என்ன சொன்னாள்? தேர்வுக் கூடத்தில் ஆளுக்கு ஒரு பகுதி. அந்தப் பகுதியின் கேள்விகளை அப்படியே மனதில் ஏற்றிக்கொண்டு வெளியே வர வேண்டும். வந்த கையோடு இங்கே வந்து ஒப்பிக்க வேண்டும். எல்லோர் பகுதியையும் சேர்த்தால் முழு வினாத்தாள்! வெளியே யாருக்கும் தராத அந்த வினாத்தாளின் கேள்விகள் அடுத்த ஆண்டும் திரும்ப வருமாம்; வந்தால் மையத்துக்குப் பெருமை!

"எங்கள் கேள்விகளே தேர்வில் வந்தன" என்று வாசலில் இவ்வளவு பெரிய பலகை வைத்திருக்கிறார்களே, அது எப்படி என்று யாராவது கேட்டோமா? தாய்மார்களே, கேட்டீர்களா? தந்தையரே, கேட்டீர்களா? பலகையைப் பார்த்தோம், பரவசப்பட்டோம், பிள்ளையைச் சேர்த்தோம்!

"அக்கா, உள்ளே இருக்கிற எதையும் வெளியே கொண்டு போக மாட்டேன்னு கையெழுத்து போடணுமே, மாட்டினா?"

"தேர்வு ரத்து. மறுபடியும் எழுத விட மாட்டாங்க. ஆனா மாட்ட மாட்டோம்னு இயக்குநர் சார் சொல்லியிருக்கார்."

"சார் உன்கூட உள்ளே வருவாரா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்போ ஏன் ஒத்துக்கிட்ட?"

"எழுத்துத் தேர்வு முடிஞ்சதும் நேர்காணல் இருக்குடி. அதுக்கு இங்கதான் பயிற்சி. கேள்வி கொண்டுவந்தவங்களுக்குத்தான் அந்த வகுப்பாம். உனக்குப் புரியாது, சின்னப் பொண்ணு."

ஆம், நான் சின்னப் பெண்தான். பெரியவர்களிடம் போனேன். அப்பாவிடம் சொன்னேன். "அவ்வளவு பெரிய இடம், அவங்களுக்குத் தெரியாதா?" என்றார். அம்மாவிடம் சொன்னேன். சலவைக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்த அம்மா, என்னையே பார்த்துவிட்டுக் கேட்டார்: "அவ டாக்டராகறது உனக்குப் பிடிக்கலையா?"

அந்த ஒரு கேள்வியை மட்டும் நான் மறக்கப் பயிற்சி எடுக்க வேண்டும்.

பிடிக்காமலா இந்த மேடையில் நிற்கிறேன்? பிடிக்காமலா போர்வைக்குள் ஒளிந்து எழுதினேன்? அவள் தேர்வு மேசையில் உட்காரும்போது அவள் மூளையில் பாதி உங்களுக்கு வேலை செய்யும், இயக்குநர் ஐயா. மீதிப் பாதிதானே அவளுக்கு? மாட்டினால் அவள் வாழ்வு போகும். மாட்டாவிட்டால் அவள் மதிப்பெண் போகும். எப்படிப் பார்த்தாலும் போவது அவளுடையது, வருவது உங்களுடையது! இது பயிற்சியா? இதற்குப் பெயர் வழியனுப்பு விழாவா? இங்கே பேசுவது எதுவும் பதிவாகிவிடக் கூடாது என்றுதானா வாசலில் கைப்பேசியை வாங்கினீர்கள்?

கைதட்டாதீர்கள். தயவுசெய்து கைதட்டாதீர்கள். சற்று முன் இயக்குநர் ஐயா பேசியபோதும் இதே கைகள்தான் இதே போலத் தட்டின. எனக்கு இப்போது கைதட்டலின் மேலும் சந்தேகம்.

இரண்டாவது மணியும் அடித்துவிட்டது. கேட்டது ஐயா. "பேசட்டும்" என்று யாரோ ஒரு அப்பா சொன்னதும் கேட்டது. என் அப்பா இல்லை. என் அப்பா எழுந்து நிற்கிறார், என்னை இறக்கவா, இறக்க வருகிறவர்களைத் தடுக்கவா என்று தெரியவில்லை.

விதியை மீறுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். இயக்குநர் ஐயா, இந்த ஒலிவாங்கியை உங்களிடம் நீட்டுகிறேன். "யாரும் எதையும் மனப்பாடம் செய்து கொண்டுவர வேண்டாம், நேர்காணல் பயிற்சி எல்லோருக்கும் உண்டு" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டால் நான் உங்கள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன்.

சொல்லுங்கள் ஐயா.

"சின்னப் பிள்ளை, யாரோ தூண்டி விட்டிருக்காங்க" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிறார். ஒலிவாங்கி அவர் வாய்க்கு அருகில்தான் இருக்கிறது, எல்லோருக்கும் கேட்டது. யாரோ தூண்டியதாகச் சொன்னார். இல்லை என்று மட்டும் சொல்லவில்லை!

அதோ, கண்ணாடி அக்கா எழுந்துவிட்டாள். "எனக்குக் கடைசிப் பகுதி!" நன்றி அக்கா. ஓரத்தில் ஒரு அண்ணன். "எனக்கு முதல் பகுதி!" நன்றி அண்ணா. உட்கார வேண்டாம், நில்லுங்கள்.

அக்கா... நீ ஏன் எழுந்தாய்? கோபமா?

"உனக்கு என்னடி தெரியும்? இவங்க கைவிட்டா நேர்காணலுக்கு நான் எங்கே போவேன்?"

கேட்டீர்களா? அவளும் ஒத்துக்கொண்டுவிட்டாள்! கண்ணாடி அக்கா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்கிறாள். உரக்கச் சொல்லுங்கள் அக்கா!

"எங்கேயும் போக வேண்டாம். எங்க வீட்டுக்கு வா. நீ என்னைக் கேளு, நான் உன்னைக் கேக்கிறேன். டாக்டரா ஆகப்போறவங்களுக்கு ஒருத்தரை ஒருத்தர் கேள்வி கேக்கத் தெரியாதா?"

அவையோரே, என் அக்காவை மனம் மாற்றுவதற்காக நான் இந்த மேடை ஏறவில்லை. அந்தத் திறமை எனக்கு இல்லை. ஒரு மண்டபம் நிறைய மனிதர்களுக்குத் தெரிந்துவிட்ட இரகசியத்தை எந்தக் கூடத்துக்குள்ளும் எடுத்துப்போக முடியாது. நான் வந்தது அதற்காக மட்டும்தான். அக்கா, அடுத்த வாரம் நீ உள்ளே போகும்போது உன் தேர்வைத் தவிர வேறெதுவும் உன் தலையில் இருக்காது. தோற்றாலும் அது உன் தோல்வி. வென்றால் அந்த வெற்றி முழுவதும் உனக்கே.

இன்று வீட்டில் அவள் என் பக்கம் திரும்பிப் படுக்க மாட்டாள். தெரியும். என்னோடு அவள் பேசாமலே இருக்கட்டும். வெள்ளை அங்கி போட்டு, ஒரு நோயாளியின் கட்டிலருகே நின்று, "எங்கே வலிக்குது?" என்று அவரோடு பேசட்டும். எனக்கு அது போதும்.

நேரம் மீறிய என்னைப் பொறுத்துக்கொண்ட பெரியோர்களுக்கும், மணியை மூன்றாவது முறை அடிக்காத அவைத்தலைவருக்கும், நிற்கிற அக்காமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் என் நன்றி. அப்பா, நீங்கள் மேடைப் படியருகே வந்துவிட்டீர்கள். இறங்கி வருகிறேன், கையைக் கொடுங்கள். எல்லோருக்கும் வணக்கம்.