தூக்கின கையில மசாலா

ஆர்த்தி: பார்சல மடியில வைக்காதடி, எண்ண ஒழுகுது.

குந்தவை: ஒழுவட்டும். கீழ வச்சா எவனாச்சும் மிதிச்சுட்டுப் போவான்.

ஆர்த்தி: பஸ்ஸு முழுக்க பிரியாணி வாசன. முன் சீட்டுக்காரரு திரும்பித் திரும்பிப் பாக்குறாரு.

குந்தவை: பாக்கட்டும். இது ஜெயபாரதிக்குன்னு வாங்குனது. நீ ஒரு வாய் கேட்டாலும் கெடையாது.

ஆர்த்தி: நான் கேட்டேனா?

குந்தவை: வாய் கேக்கல. கண்ணு கேக்குது.

ஆர்த்தி: போடி... ஏன்டி, பிரியாணியக் குடுத்தா அவ கோவம் போயிடுமா?

குந்தவை: கோழின்னா அவளுக்கு உசுரு. பின்ன, கோடியக்கரைக்கு, அதுவும் மீன்புடி போட்டுக்காரங்க வீட்டுக்கு, மீனா வாங்கிட்டுப் போவ முடியும்?

ஆர்த்தி: அந்த மீனப் பத்திப் பேசாத.

குந்தவை: சரி... பேசல.

ஆர்த்தி: அவள ஹாஸ்டல விட்டு அனுப்புனதுலேருந்து போன எடுக்கல. மெசேஜ் பாக்குறா, பதில் போடல. நம்ம மூஞ்சியப் பாத்ததும் கதவச் சாத்திட்டான்னா?

குந்தவை: சாத்துனா வாசல்ல உக்காருவோம். திங்கக்கிழமைக்குள்ள வந்து மன்னிப்புக் கேக்கலன்னா அவ ரூம வேற பொண்ணுக்குக் குடுத்துடுவேன்னு வார்டன் சொல்லிட்டாங்க. கோடியக்கரையிலேருந்து தெனம் தஞ்சாவூருக்கு வந்து படிக்க முடியுமா? படிப்பே போயிடும்டி.

ஆர்த்தி: அவ போயி மன்னிப்புக் கேப்பாங்குற?

குந்தவை: கேக்க மாட்டா. நாமதான் கேக்கணும், அவகிட்ட. அதுக்குத்தான போறோம்? என்ன சொல்லப் போறோம்னு ஒரு தடவ சொல்லிப் பாத்துக்குவோம். மொதல்ல நீ. அன்னைக்கு ஏன் எந்திரிக்கல?

ஆர்த்தி: பெஞ்சு இடுக்குல துப்பட்டா மாட்டிக்கிச்சு.

குந்தவை: துப்பட்டாவா?

ஆர்த்தி: ஆமா. எந்திரிச்சா கிழிஞ்சிருக்கும்.

குந்தவை: கையத் தூக்குனப்ப மட்டும் மாட்டலயாக்கும்.

ஆர்த்தி: ...வார்டன் எம் பின்னாடியே நின்னாங்கடி. மெஸ்ஸு சாப்பாட்டச் சோதிக்க வந்த குழுவுல இருந்த மேடம், "சாப்பாடு நல்லாருக்குங்குறவங்க கையத் தூக்குங்க"ன்னதும் மெஸ்ஸே தூக்கிச்சு. நான் மட்டும் தூக்காம இருந்தா?

குந்தவை: சும்மாவா தூக்குன? சாப்புடுற எச்சிக் கைய, மசாலாவோட தூக்குன. நான் பாத்தேன்.

ஆர்த்தி: ஓ. நீ மட்டும் என்ன, கையக் கட்டிக்கிட்டா உக்காந்திருந்த? ஏன்டி, திட்டம் போட்டதே நீதான? "அவங்க கேட்டதும் ஜெயபாரதி எந்திரிக்கட்டும், ஒடனே நாம ரெண்டு பேரும் எந்திரிக்கணும், நம்ம டேபிள் எந்திரிச்சா மொத்த மெஸ்ஸும் எந்திரிச்சிடும்"னு ராத்திரியெல்லாம் எங்களத் தூங்க விடாம சொன்னது யாரு?

குந்தவை: மெதுவாப் பேசு.

ஆர்த்தி: "நெல்லு வெளையுற ஊர்ல உக்காந்து நாத்தம் புடிச்ச சோறு திங்கிறோமே, வெக்கமா இல்ல?"ன்னு கேட்டது யாரு?

குந்தவை: நாந்தான்.

ஆர்த்தி: "சாம்பாருக்கும் ரசத்துக்கும் வாளிதான்டி வித்தியாசம்"னு...

குந்தவை: நாந்தான், நாந்தான்! போதுமா? எங்க வீட்டு மாடு கூட அந்தச் சோத்த மோந்து பாத்துட்டுப் போயிடும்னு சொன்னவளும் நாந்தான். எனக்கு... தொண்டையில முள்ளு மாட்டிக்கிச்சு.

ஆர்த்தி: முள்ளா?

குந்தவை: மீன் முள்ளு. மூச்சே வுட முடியல. தண்ணியக் குடிச்சுட்டு நிமுந்து பாக்குறேன், எல்லாம் முடிஞ்சுபோச்சு.

ஆர்த்தி: இதுவரைக்கும் சொல்லவே இல்லையேடி?

குந்தவை: நீ கேக்கல.

ஆர்த்தி: ஒனக்காச்சும் முள்ளு. நான் துப்பட்டாவ வச்சு என்ன பண்ணுவேன்... அவ நின்னது இன்னும் கண்ணுலயே நிக்குதுடி. "இல்லங்க மேடம், இன்னைக்கு மட்டுந்தான் இப்புடி. மத்த நாள் சோத்துல புழு கெடக்கும்"னா. சொல்லிட்டு நின்னா பாரு...

குந்தவை: போதும்.

ஆர்த்தி: யாராச்சும் எந்திரிப்பாங்கன்னு நின்னா. வார்டன் சிரிச்சுக்கிட்டே, "ஒரு பொண்ணுக்கு மட்டும் புடிக்கலன்னா அது சாப்பாட்டுக் கோளாறு இல்ல மேடம், பொண்ணுக் கோளாறு"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க.

குந்தவை: நாம சிரிக்கல.

ஆர்த்தி: பெரிய சாதனதான். மறுநாளே காலையில அதே களிப் பொங்கல். வாங்கித் தின்னோம்ல?

குந்தவை: தின்னோம். எந்திரி, வேதாரண்யம் வந்துடுச்சு. இன்னொரு பஸ்ஸு மாறணும். பார்சலப் புடி.

*

ஆர்த்தி: இந்த வீடுதானா? வெளிய வலை கெடக்கு... யாரையும் காணோமே. நீ கூப்புடு.

குந்தவை: நீ கூப்புடு.

ஆர்த்தி: ஜெயா... ஏ ஜெயா...

ஜெயபாரதி: யாரு? அடியே! நீங்களா? என்னடி சொல்லாம கொள்ளாம?

குந்தவை: சொல்லிட்டு வரலாம்னா நீதான் போன எடுக்கல.

ஜெயபாரதி: உள்ள வாங்க. ஏன் திருடன் மாதிரி நிக்கிறீங்க? அம்மா! என் ஃப்ரெண்ட்ஸு ரெண்டு பேரு வந்திருக்காளுக, தண்ணி கொண்டா! அப்பா கடலுக்குப் போயிருக்கு. உக்காருங்கடி.

ஆர்த்தி: இளைச்சுட்ட ஜெயா.

ஜெயபாரதி: பொய் சொல்லாத. வீட்டுச் சோறு தின்னு குண்டாயிட்டேன். அது என்ன பார்சலு?

குந்தவை: கோழி பிரியாணி. ஒனக்குத்தான். தஞ்சாவூர்லேருந்து.

ஜெயபாரதி: எனக்கா... ம். வையி.

ஆர்த்தி: பிரிச்சுச் சாப்புடேன். ஆறிடுச்சு, ஆனா நல்லாருக்கும்.

ஜெயபாரதி: அப்பறம் சாப்புடுறேன். நீங்க சாப்டீங்களா? அம்மா, இவளுக சாப்புடலயாம்! ...என்ன? சரி சரி. அம்மா, மீன வறுத்துப் போடவான்னு கேக்குது.

குந்தவை: மீனு வேணாம்!

ஆர்த்தி: வேணாம் ஜெயா. நெசமா வேணாம்.

ஜெயபாரதி: ஏன்டி ரெண்டு பேரும் இப்புடி பதறுறீங்க? சரி, வேணாம். அம்மா, டீ போதுமாம்!

குந்தவை: ஜெயா... வார்டன் சொன்னாங்க...

ஜெயபாரதி: திங்கக்கிழமைக்குள்ள வந்து மன்னிப்புக் கேக்கணும். தெரியும். அப்பாவுக்குப் போன் பண்ணாங்க. "எம் பொண்ணு நெசத்தச் சொல்லிட்டு எதுக்குங்க மன்னிப்புக் கேக்கணும்"னு அப்பா போன வச்சிடுச்சு.

ஆர்த்தி: நாங்க அதுக்கு வரல. நாங்க... அன்னைக்கு எந்திரிக்காததுக்கு... நீ சொல்லுடி.

குந்தவை: எனக்குத் தொண்டையில முள்ளு மாட்டிக்கிச்சு ஜெயா. சத்தியமா எந்திரிக்கத்தான் இருந்தேன். அந்த நேரம் பாத்து...

ஜெயபாரதி: அன்னைக்குப் போட்டது வஞ்சிரம்டி.

குந்தவை: ஆமா...

ஜெயபாரதி: துண்டுக்கு நடுவுல ஒரே ஒரு முள்ளு, என் வெரலு தடியில. அதா ஒன் தொண்டையில மாட்டுச்சு? மீன்காரி வீட்டுல வந்து மீனப் பத்திப் பொய் சொல்றியே குந்தவை. வேற எதையாச்சும் யோசிச்சுட்டு வந்திருக்கக் கூடாதா?

ஆர்த்தி: அடிப்பாவி, பஸ்ஸுல எங்கிட்டயும் அதத்தான்டி சொன்ன!

ஜெயபாரதி: ஒன் கத என்ன?

ஆர்த்தி: எனக்கு... துப்பட்டா...

ஜெயபாரதி: ம்?

ஆர்த்தி: துப்பட்டாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. வார்டனும் பின்னாடி நிக்கல, அவங்க அந்தப் பக்கம் நின்னாங்க. மீன் வறுவல் நல்லாருந்துச்சு ஜெயா.

குந்தவை: ஏய்...

ஆர்த்தி: சொல்லிடுறேன்டி. என்னால இதத் தூக்கிக்கிட்டுத் திரிய முடியல. மூணு வருசமா உப்புமாவும் தண்ணிச் சாம்பாரும் தின்ன வாயி. அன்னைக்குத் தட்டுல நெய்யி, கீர வட, பாயாசம், இவ்வளவு பெரிய மீன் துண்டு. பாதிதான் தின்னுருந்தேன். எந்திரிச்சா தட்டப் புடுங்கிடுவாங்களோன்னு... அதான் நெனச்சேன். ஒன்ன நெனைக்கல. அந்த மேடம் நல்லாருக்கான்னு கேட்டப்ப, நெசமாவே நல்லாருந்துச்சு. கை தானா மேல போயிடுச்சு.

ஜெயபாரதி: நீ?

குந்தவை: நான் ஒன்னப் பாக்கவே இல்ல. பாத்தா எந்திரிக்கணுமேன்னு குனிஞ்சுக்கிட்டேன்.

ஜெயபாரதி: குனிஞ்சுக்கிட்டு?

குந்தவை: ...இன்னொரு துண்டு கேட்டு வாங்குனேன்.

ஆர்த்தி: அடிப்பாவி, இவ நின்னப்பவா வாங்குன?

குந்தவை: இவ நின்னுக்கிட்டு இருக்கறப்பதான். பரிமாறுறவங்க எங்கிட்ட வந்துட்டாங்க. வேணாம்னு சொல்லியிருக்கலாம். தட்ட நீட்டிட்டேன். அஞ்சு ஏக்கர் நெல்லு வெளையுற வீட்டுலேருந்து வந்துட்டு, ஒரு துண்டு மீனுக்கு... அசிங்கமா இருக்கு ஜெயா. அதுலேருந்து மெஸ்ஸுல யாரு மூஞ்சியையும் நிமுந்து பாக்க முடியல.

ஜெயபாரதி: அழுவாத.

குந்தவை: அழுவல.

ஜெயபாரதி: பின்ன மூக்கு ஏன் ஒழுவுது? இந்தா, தண்ணியக் குடி.

ஆர்த்தி: திட்டுடி. நாலு வார்த்த நல்லாத் திட்டு. இப்புடி சும்மா இருந்தா எப்புடி?

ஜெயபாரதி: ஒங்களத் திட்டுறதுக்கு நான் மட்டும் என்ன...

ஆர்த்தி: திங்கக்கிழமை நீ வரணும். நீ எதுவும் பேச வேணாம். நாங்க ரெண்டு பேரும் பிரின்ஸிபால்ட்ட போயி, அவ சொன்னதெல்லாம் நெசம், நாங்கதான் பொய்யா கையத் தூக்குனோம்னு சொல்றோம். எங்களையும் வெளிய அனுப்புனா அனுப்பட்டும்.

குந்தவை: போட்டோ வச்சிருக்கேன். சோறு, புழு, எல்லாம்.

ஜெயபாரதி: நெசமா சொல்லுவீங்களா?

குந்தவை: எந்திரிச்சு நின்னு சொல்லுவோம்.

ஜெயபாரதி: அன்னைக்கு மெஸ்ஸுல பாயாசம் போட்டாலுமா?

ஆர்த்தி: குத்திக் காட்டு. எங்களுக்கு வேணும்.

ஜெயபாரதி: ...வர்றேன்டி. திங்கக்கிழமை மூணு பேரும் சேந்தே போவோம்.

குந்தவை: வர்றியா? அப்ப ஒரு வாயாச்சும் சாப்புடு. கோவம் போயிடுச்சுன்னு தெரியட்டும்.

ஜெயபாரதி: கோவம்னு யாருடி சொன்னா?

குந்தவை: பின்ன ஏன் போன எடுக்கல?

ஜெயபாரதி: வெக்கம்.

ஆர்த்தி: ஒனக்கா? ஒனக்கு எதுக்கு வெக்கம்? ஒத்த ஆளா நின்னவ நீ!

ஜெயபாரதி: இததான்டி எங்கப்பாவும் சொல்லுது. மீன் ஏலம் போடுற எடத்துல நின்னு, "எம் பொண்ணு அத்தன பேருக்கு நடுவுல ஒத்தையா நின்னுச்சு"ன்னு போற வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லுது. எம் மாமா பையன் என் போட்டோவப் போட்டு, வீரமங்கைன்னு ஸ்டேட்டஸு வச்சிருக்கான். எனக்கு அப்பா மூஞ்சியப் பாக்க முடியல. நீங்களும் போன்ல அதத்தான் சொல்லுவீங்கன்னு எடுக்கல.

குந்தவை: சொன்னா என்ன தப்பு? நெசந்தான?

ஜெயபாரதி: அந்தப் பிரியாணியக் கொஞ்சம் தள்ளி வையி. வாசன வருது.

குந்தவை: ஒனக்குப் புடிக்கும்னுதான்...

ஜெயபாரதி: புடிக்கும். அதான்டி பிரச்சன. அன்னைக்குப் போட்டது ஐஸுல ரொம்ப நாளு கெடந்த மீனு. ஒங்களுக்குத் தெரியல, எனக்கு வாயில வச்சதும் தெரிஞ்சுபோச்சு. துப்பிட்டு, தட்டத் தள்ளி வச்சுட்டு, கையக் கழுவிட்டு சும்மா உக்காந்திருந்தேன். அதனாலதான் எந்திரிச்சேன். மீனுக்குப் பதிலா கோழி போட்டிருந்தாங்கன்னா, ஒங்களுக்கு முன்னாடி நாந்தான்டி எச்சிக் கையத் தூக்கியிருப்பேன்.