இலையை ஓட்டும் இலை

நெய்வேலி டவுன்ஷிப் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில், தெரு கூட்டும் பெண்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் சொன்ன ஒரு பேச்சு என் கையிலிருந்த பேப்பரை மடிக்க வைத்தது.

“எலைய ஓட்டறதுக்கு எலையத்தாங்க்கா எரிக்கிறாங்க.”

“இன்னாடி சொல்ற?”

“எலைய ஊதித் தள்ற மிஷினு வந்திருக்கே, காதே கிழியுது. நைட் ஷிப்ட் முடிச்சிட்டுத் தூங்குறவங்க குவார்ட்டர்ஸ் கதவத் தொறந்துகினு திட்டுறாங்க. சூப்பர்வைசருக்கு ரோட்டுல ஒரு எலை கெடக்கக் கூடாது. அந்த மிஷினு கரண்டுல ஓடுது. கரண்டு நம்மூர் கரியில வருது.”

“அது தெரிஞ்சதுதான?”

“கரி எதுலேர்ந்து வந்துச்சி? எங்க வூட்டுக்காரரு நேத்து மைன்ஸ்ல பார்த்தாராம். கரிக்கட்டி ஒண்ணு ரெண்டா பொளந்துச்சாம். உள்ள ஒரு எலைக்கா. நரம்புகூட அப்பிடியே இருந்துச்சாம். காத்து பட்டதும் அவரு கண்ணு முன்னாலயே சுருண்டு பொடியா பூடுச்சாம்.”

அக்கா சாலையோர வாகை மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“எந்தக் காலத்து எலையோ?”

“மனுசனே பொறக்காத காலமாம்.”

“அப்ப கூட்டறதுக்கும் ஆளில்ல.”

“இல்லக்கா. வுழுந்தது வுழுந்த எடத்துலயே கெடந்திருக்கு. அதான் கரியாச்சி.”

அவர்கள் இறங்கும் இடம் வந்தது. அக்கா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“அன்னிக்கே நம்ம சூப்பர்வைசர் இருந்திருந்தா, இந்த ஊரே இருட்டுலதாண்டி கெடந்திருக்கும்.”