மந்திரி மேல் விழுந்த பழி

உங்கள் வீட்டு பிஸ்கட் ஓரத்தில் லேசாகக் கருகியிருக்கிறது, டாக்டர். குறையாகச் சொல்லவில்லை. பாதி ஆயுளை பிஸ்கட் கம்பெனியில் தரம் பார்த்தே கழித்த கை இது. எதையும் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாய்க்குக் கொண்டுபோகும். ஒட்டிய பாக்கெட்டைப் பிரித்துப் பார்க்காமல் நல்லது என்று சொல்லக் கூடாது என்பது எங்கள் வேலையில் முதல் பாடம். ஓய்வு பெற்ற பிறகும் அதை நான் மறக்கவில்லை.

உங்கள் நாய் மந்திரியை நாளைக்கு வேனில் ஏற்றி உங்கள் தம்பி வீட்டுக்கு அனுப்பப் போகிறீர்களாம். என் மனைவி சொன்னாள். எங்கள் தோட்டத்தை நாசம் பண்ணிய நாய்க்கு இதாவது நடக்கிறதே என்று அவளுக்கு ஒரு நிம்மதி. வேன் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

வாடகை வீடுகளில் ஜன்னல் ஓரம் ஒரு தொட்டி வைக்கக்கூட வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். சொந்த வீடு வந்து, வாசல் பக்கம் அவ்வளவு மண்ணைப் பார்த்ததும் அழுதேவிட்டாள். ஆனால் அவசரப்படவில்லை. வெயில் எங்கே விழுகிறது, நிழல் எந்தப் பக்கம் நகர்கிறது என்று லீவு நாளெல்லாம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். தண்ணீர்க் குழாயைத் தரையில் வளைத்துப் போட்டு, பாத்தியின் விளிம்பு இப்படி வளைந்தால் அழகா, அப்படி வளைந்தால் அழகா என்று என்னை மாடியில் நிற்கவைத்துக் கேட்டாள். உயரமாக வளரும் செம்பருத்தி பின்னால், நந்தியாவட்டை நடுவில், குட்டைச் செடிகள் முன்னால். நடக்கச் சரளைக்கல் பாதை. எல்லாம் நட்டு முடித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நான் மருந்துக் கடைக்கு வேலைக்குப் போயிடுவேன். நீங்க தண்ணி மட்டும் ஊத்துங்க, போதும். வேர் பிடிச்சிட்டா அப்புறம் கவலையே இல்ல," என்றாள்.

வேர் பிடித்துவிட்டால் கவலை இல்லை என்றால், பிடிக்கும்வரை கவலை உண்டு என்றுதானே அர்த்தம்? வேரோ மண்ணுக்குள் இருக்கிறது. இலையைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்கிறார்கள். பாக்கெட் மேல் அச்சடித்த படத்தைப் பார்த்து உள்ளே இருக்கும் பிஸ்கட்டுக்குச் சான்று கொடுப்பது மாதிரி இருக்கிறது. என் மனசாட்சி அதற்கு இடம் கொடுக்கவில்லை.

அதனால் ஒரு செம்பருத்தியை மட்டும் மெதுவாக வெளியே எடுத்துப் பார்த்தேன். மாதிரிக்கு. வேர் பிடித்திருக்கவில்லை. திரும்ப வைத்து மண்ணை அமுக்கிவிட்டேன். மறுநாள் எடுத்தேன். அப்போதும் பிடித்திருக்கவில்லை. ஒன்றில் குறை இருந்தால் மொத்த சரக்கையும் சோதிக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. எல்லாவற்றையும் எடுத்தேன். தினமும் எடுத்தேன். நீங்களும் வேரைப் பார்க்கிறவர்தான், டாக்டர். ஆனால் பிடுங்கிய பல்லை நீங்கள் திரும்ப வைப்பதில்லை. நான் ஒவ்வொரு செடியையும் அதனதன் குழியிலேயே வைத்தேன்.

செடிகள் தலையைத் தொங்கப் போட்டன. அவள் நர்சரிக்காரரைக் கூட்டிவந்தாள். அவர் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார்.

"யாரோ தோண்டுறாங்கம்மா. மண்ணு பொலபொலன்னு கெடக்கு பாருங்க."

அவள் மூக்கைச் சிந்திக்கொண்டே புதுக் கன்றுகள் வாங்கி மறுபடி நட்டாள். முதல் தடவை போதிய கவனம் இல்லையோ என்று தோன்றி, இந்தத் தடவை காலையிலும் மாலையிலும் எடுத்துப் பார்த்தேன். அவையும் போயின.

உங்கள் மந்திரி மேல் முதலில் சந்தேகப்பட்டது அவள்தான். ஆனால் மறுநாளே அவளுக்கு ஒரு யோசனை வந்துவிட்டது.

"நாய்னா கால் தடம் இருக்கணுமே?" என்று கேட்டுவிட்டு என் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் மண் இருந்தது.

அன்று மதியம் அவள் போனதும் பாத்தியை நன்றாக நனைத்துவைத்தேன், தடம் சுத்தமாக விழ வேண்டும் அல்லவா. பிறகு உங்கள் கேட்டருகே நின்று ஒரு பாக்கெட்டைப் பிரித்தேன். மந்திரி வாலை ஆட்டிக்கொண்டு வந்தான். ஒரு பிஸ்கட்டுக்கு ஓர் அடி என்று பாத்தி முழுக்க நடத்திக் கூட்டிப்போனேன். வாடிக் கிடந்த செடி ஒன்றைக்கூட அவன் மிதிக்கவில்லை, ஒதுங்கி ஒதுங்கி நடந்தான். நல்ல வளர்ப்பு. நீங்கள் அதற்காகப் பெருமைப்படலாம்.

சாயங்காலம் அவள் அந்தத் தடங்களைப் பார்த்ததும் மதிலுக்கு இரண்டு பக்கமும் நின்று நடந்த சண்டை உங்களுக்கே தெரியும்.

"எங்க மந்திரி அந்த மாதிரி ஆளே இல்லீங்க," என்றார் உங்கள் வீட்டம்மா.

"என் கண்ணால பாத்தேம்மா," என்றேன் நான்.

அன்றிலிருந்து அவனைக் கட்டிப்போட்டிருக்கிறீர்கள். மாடியில் துணி எடுக்கப் போனால் முனகல் கேட்கிறது. என் தலையைக் கண்டதும் சங்கிலியோடு எழுந்து வாலை ஆட்டுகிறான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சோறு இறங்கவில்லை, டாக்டர்.

ஆகவே செடிகளைக் கொன்றது நான். வாயில்லாத ஜீவன் மேல் பழியைப் போட்டதும் நான். இதை என் மனைவியிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், எனக்கு அந்தத் தைரியம் இல்லை. நான் முழுக்கத் திருந்திவிட்டேன் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். நேற்று மூன்றாம் தடவையாக நட்டாளே, அந்தக் கன்றுகளைப் பற்றி அவள் கவலைப்படவே வேண்டாம். எல்லாம் நன்றாக இருக்கின்றன. இங்கே வருவதற்கு முன்னால்தான் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு வந்தேன்.